இரண்டாம் பிரதிவாதி, த/பெ

கரண்ட் எப்போ வரும்ணே? பத்து நிமிஷமா? நிஜப் பத்து நிமிஷமா, இல்லை கரண்ட் ஆபீஸ்காரர் சொல்ற பத்து நிமிஷமா? சரி, நிற்கிறேன். எப்பவும் அவசரத்தில் குதிக்கிற ஆள் நான். இன்றைக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்க பாட்டுக்கு விசிறிக்கிட்டு உட்காருங்க.

நாலு செட் வேணும். கலர். கோர்ட்டுப் பேப்பரை எவனும் கலரில் எடுக்க மாட்டானா? நான் எடுப்பேன். அந்த ஊதா சீல் ஊதாவாகவே வரணும். முதல் பக்கம் மட்டும் தனியா ஒரு காப்பி, அதுக்கு லேமினேஷன்.

என்ன கேட்டீங்க, நல்ல சேதியா? ஆமாண்ணே. என் மேல கேஸ் போட்டிருக்காங்க.

ஐயோ, உங்க முகத்தைப் பார்க்கணுமே! பயப்படாதீங்க, நான் யாரையும் அடிக்கலை, எதையும் தூக்கலை. நிலத்துக் கேஸ். அதில் என்னை இரண்டாம் பிரதிவாதியாச் சேர்த்திருக்காங்க. சேர்த்து அரை மணி நேரம்தான் ஆச்சு, இன்னும் சூடு ஆறலை. கோர்ட்டுக்கு எதிரே கடை வச்சிருக்கிற உங்களுக்குச் சொல்லணுமா? கேஸ் போட்டவர் வாதி, யார் மேல போட்டாரோ அவர் பிரதிவாதி. எனக்கு இதெல்லாம் போன மாசம்தான் தெரியும். அதுக்கு முன்னாடி வாதி என்றால் கோபம் வந்து வாதிக்கிற ஆள்னு நினைச்சிருந்தேன்.

முதல்ல ஒண்ணு சொல்றேன், அப்பத்தான் மீதி புரியும். நீங்க ஃபாரம் எல்லாம் விற்கிறீங்க இல்லையா? ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பஸ் பாஸ், எதை வேணும்னாலும் எடுங்க. பெயர்னு ஒரு வரி. அதுக்கு அடுத்த வரி என்ன? த/பெ. தந்தை பெயர். ரெண்டே எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டில்தாண்ணே நான் ஒண்ணாம் வகுப்பிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தேன்.

எங்கம்மா பேர் பவுன்தாய். திராட்சைத் தோட்டத்தில் வேலை. அதோ, கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறா பாருங்க, பச்சைச் சேலை. கையில் இருக்கிறதுதான் அந்த முதல் பக்கம். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுத் தர்றேன்னு வாங்கினா. எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் அவளுக்கு. கால் மணி நேரமாச்சு, இன்னும் ரெண்டாவது வரிக்குப் போகலை. அவ்வளவு மெதுவு. இருக்கட்டும், கரண்ட்டும்தான் வரலையே.

அப்பா காசிமாயன். இங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஓடைக்கரைப்பட்டி. ரெண்டு பேரும் கோயிலில் மாலை மாத்திக்கிட்டாங்க. அவர் வீட்டில் ஒத்துக்கலை. எனக்கு ரெண்டு வயசா இருக்கும்போது, "ஊருக்குப் போய்ப் பேசிட்டு வர்றேன்"னு போனார். அங்கேயே பேசிக்கிட்டே இருந்துட்டார் போல, வரவே இல்லை. அம்மா ஒரே ஒரு தடவை என்னை இடுப்பில் வச்சுக்கிட்டு அங்கே போயிருக்கா. அவருடைய அண்ணன் சுருளிமுத்து வாசல்லயே மறிச்சிட்டார்.

"என் தம்பிக்குக் கல்யாணமும் ஆகலை, பிள்ளையும் இல்லை. எங்க வீட்டுப் பேரை எங்கயாச்சும் எழுதினேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் தெரியும்."

அம்மா ரோஷக்காரி. எழுதவே இல்லை. ஒண்ணாம் வகுப்பில் என்னைச் சேர்க்கும்போது, "அப்பா பேரு?"ன்னு ஆபீஸில் கேட்டிருக்காங்க. "இல்லை"ன்னு சொல்லியிருக்கா. எழுதினவர் அப்படியே எழுதிட்டார். பெயர்: நாகஜோதி. த/பெ: இல்லை. அது வருஷா வருஷம் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்குக் காப்பி ஆகிக்கிட்டே வந்தது. ஏழாம் வகுப்பில் புதுசா வந்த டீச்சர் ஒருத்தங்க அதை வாய்விட்டு வாசிச்சிட்டாங்க. "நாகஜோதி... தந்தை பெயர், இல்லை." கடைசி பெஞ்சில் பரமேஸ்வரன்னு ஒருத்தன் உடனே எழுந்து, "இல்லையோட மக உள்ளேன் டீச்சர்!" அவ்வளவுதான். பத்தாவது முடிக்கிற வரைக்கும் என் பேர் 'இல்லை மக'.

நானும் சேர்ந்து சிரிச்சேன். அதுதாண்ணே என் வியாதி. மத்தவங்களுக்குப் பயம் வந்தா வியர்க்கும். எனக்குச் சிரிப்பு வரும். வயிறு கலங்கினா சிரிப்பு. யாராவது திட்டினா சிரிப்பு. க்ளுக்னு அடியில் ஆரம்பிக்கும், அமுக்க அமுக்க மூக்கு வழியா வரும், கடைசியில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். நீங்க இன்னும் கேட்கலை. கேட்டா கடையைச் சாத்திடுவீங்க. எங்கிருந்து தொத்துச்சுன்னே தெரியாது. எங்கம்மா சிரிச்சு நான் பார்த்ததில்லை. நான் சிரிச்சாலும் அவளுக்கு ஆகாது. வீட்டில் நான் ஆரம்பிச்சதும் எழுந்து பின்பக்கம் போயிடுவா, போய்த் தண்ணித்தொட்டியைத் தேய்ப்பா. எங்க தெருவிலேயே சுத்தமான தொட்டி எங்க வீட்டுத் தொட்டிதான்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனாலதான். ப்ளஸ் ஒன் படிக்கும்போது எங்க பள்ளித் தாளாளர் இறந்துட்டார். மைதானத்தில் ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி. ஒன்றரை நிமிஷம் தாங்கினேண்ணே, சத்தியமா. அப்புறம் குக்கர். தலைமையாசிரியர் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

"இல்லையையா சார்?"ன்னு கேட்டுட்டேன்.

வேணும்னு கேட்கலை, வாயில் வந்திருச்சு. திமிருன்னு சொல்லிட்டார். பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். திரும்பப் போகலை. இப்போ பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை. போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டறது என் வேலை. ஒரு குமிழி விழாமல் ஒட்டுவேன். உங்க போனைக் காட்டுங்க... இதை எவன் ஒட்டினான்? நாளைக்கு வாங்க, உரிச்சிட்டு நல்லா ஒட்டித் தர்றேன்.

கடை முதலாளியம்மா அப்பப்போ சொல்வாங்க, "எதுக்கு ஃபாரத்தைப் பார்த்துக் கலங்கறே? ஒரு கல்யாணத்தைப் பண்ணு. த/பெ போய் க/பெ வந்துரும். கணவர் பேர் போட்டுட்டா அப்பன் பேரை எவன் கேட்கிறான்?" கேட்டீங்களா, ஃபாரம் நிரப்பறதுக்காக ஒருத்தனைக் கட்டிக்கணுமாம்!

நான் எங்கப்பா மூஞ்சியை முதல்முதலாப் பார்த்ததே அவர் செத்த பிறகுதான். நாலு வருஷம் முன்னாடி. பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அம்மா பார்த்துட்டு நின்னுட்டா. "யாரும்மா?"ன்னேன். "உங்கப்பா"ன்னா.  கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எவனாவது பல்லைக் காட்டுவானாண்ணே? அவர் காட்டிக்கிட்டு இருந்தார். முப்பத்திரண்டும் தெரிஞ்சது. கீழே 'இவண்' போட்டு அண்ணன் சுருளிமுத்து, அண்ணி, அத்தை, மாமா, பெயிண்டர் நண்பர்கள், வாலிபால் குழு, டீக்கடை பெஞ்சு நண்பர்கள். டீக்கடை பெஞ்சுக்கெல்லாம் இடம் இருக்கு! எனக்கு அதைப் படிச்சதும் சிரிப்பு வந்திருச்சு. நடு பஸ் ஸ்டாண்டில். அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லைண்ணே. தெரியாத ஆளுக்காக எதுக்கு வருத்தப்படணும்? அந்த போஸ்டர் மழையில் கிழிஞ்சு போச்சு, ஆவணி எட்டாம் தேதி.

சரி, கேஸுக்கு வர்றேன்.

ஓடைக்கரைப்பட்டியில் அவங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. எங்க தாத்தா சொத்து. தாத்தாவுக்கு மகன்கள் ரெண்டே பேர், சுருளிமுத்துவும் எங்கப்பாவும். பக்கத்துத் தோப்பு ரைஸ்மில் தனுஷ்கோடியோடது. அந்த ஆள் ராவோடு ராவா வேலியைத் தள்ளிப் போட்டு உள்ளே வந்து உட்கார்ந்துக்கிட்டார். சுருளிமுத்து கேஸ் போட்டார். எப்படிப் போட்டார்னா, தோப்பு முழுக்க எனக்கே சொந்தம், என் தம்பி கல்யாணம் ஆகாமல், வாரிசு இல்லாமல் இறந்துட்டான்னு எழுதி. பார்த்தீங்களா, அங்கேயும் 'இல்லை'.

இதுக்கு நடுவில், ஆறு மாசம் முன்னாடி ஒரு நாள் அந்த தனுஷ்கோடி எங்க கடைக்கு வந்தார். கிளாஸ் ஒட்டணும்னு புதுப் போனை நீட்டினார். நான் வாங்கறேன், கைநழுவிடுச்சு. கல்தரையில் முகம் குப்புற. ஐயோ, எனக்கு உயிரே போயிருச்சு. போனால் எனக்கு என்ன வரும்? அந்தக் குக்கர்தான். வந்தது. அவர் போனை விட்டுட்டு என்னையே பார்க்கிறார்.

"ஏம்மா, உனக்கு ஓடைக்கரைப்பட்டியா?"

"இல்லைங்க. எங்கப்பாவுக்குத்தான் அந்த ஊரு."

"யாரு உங்கப்பா?"

சொன்னேன். போனை எடுத்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அவர் கிளாஸ்கூட ஒட்டாமல் கிளம்பிட்டார். கீறல் விழாத சந்தோஷத்தில் போறார்னு நினைச்சேன். நேரா வக்கீலிடம் போயிருக்கார்! அடுத்த வாய்தாவில் அவர் வக்கீல் எழுந்து, "தம்பிக்கு வாரிசு இருக்கு. இதே ஊரில் செல்போன் கடையில் வேலை பார்க்குது. அந்தப் பொண்ணைச் சேர்க்காமல் தோப்பு முழுக்கத் தன்னுதுன்னு கேட்டா இந்தக் கேஸ் செல்லாது"ன்னு சொல்லிட்டார். சுருளிமுத்துக்கு ரெண்டே வழி. கேஸை விடணும், இல்லை என்னைச் சேர்க்கணும். விட்டால் தோப்பு ரைஸ்மில்லுக்கு. அதனால் சேர்க்கிறார். வாசல்லயே மறிச்சு அனுப்பின மனுஷன், தன் செலவில், தன் வக்கீலை வச்சு, என்னைத் தேடி ஆள் அனுப்பறார். எப்படி இருக்கு கதை?

ஆள் வந்த அன்றைக்கு நடந்ததைக் கேளுங்க. கோர்ட்டு அமீனா நோட்டீஸோடு எங்க வாசலில் நிற்கிறார். அம்மா நடுங்கிப் போய், "நாகஜோதின்னு இங்க யாரும் இல்லைங்க"ங்கிறா. பெத்த மகளை! அவர் திரும்பறார். நான் அப்பத்தான் தெருமுனையில் வர்றேன். "சார், நான்தான், நான்தான், நில்லுங்க!"ன்னு செருப்பு பிய்ய ஓடினேன். அவர் சொன்னார், "இருபது வருஷ சர்வீஸில் சம்மனைக் கண்டு ஓடினவங்களைத்தாம்மா பார்த்திருக்கேன். சம்மனைத் துரத்திக்கிட்டு ஓடி வந்தது நீ ஒருத்திதான்."

கையெழுத்துப் போட்டு வாங்கிப் பார்க்கிறேன். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் என்னை எப்படி எழுதியிருக்காங்க தெரியுமா? 'காசிமாயனின் மகள் என்று சொல்லிக்கொள்ளும் நாகஜோதி.' எண்ணினேன், ஒன்பது இடம். சொல்லிக்கொள்ளும், சொல்லிக்கொள்ளும், சொல்லிக்கொள்ளும். நான் எங்கேண்ணே சொல்லிக்கிட்டேன்? என் வாழ்க்கையில் சொல்லாமல் இருந்ததுதான் என் பிரச்சினையே! ஆனால் முதல் பக்கத்தில், யார் யார் மேல கேஸ்னு வரிசையாப் போடற இடத்தில், தெளிவா, கறுப்பு மையில்:

2. நாகஜோதி, த/பெ. காசிமாயன் (லேட்).

வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற அக்கா இருக்காங்களே, அவங்க புண்ணியம். எந்தப் பேரை அடிச்சாலும் அடுத்து த/பெ, கை தானாப் போகுமாம். யார் இந்தப் பொண்ணு, யாருக்குப் பிறந்தது, சண்டை எதில், ஒண்ணும் அவங்களுக்குத் தெரியாது. பேருக்குப் பக்கத்தில் காலியா விட மனசு வரலை, அடிச்சிட்டாங்க. அந்தப் பக்கத்துக்குக் கீழே 'மேலே கண்டவை யாவும் உண்மை'ன்னு சுருளிமுத்து கையெழுத்து. அவர் படிக்காமலேயே போட்டுட்டார். அந்த அக்காவை ஒரு நாள் பார்த்து அவங்க போனுக்கு ஓசியில் கிளாஸ் ஒட்டணும்.

அம்மா போகவே வேண்டாம்னா. "அவங்க தோப்பும் வேணாம், தொரவும் வேணாம். கோர்ட்டுல நிக்க வச்சு, நீ அவர் மக இல்லைன்னு எழுதிட்டாங்கன்னா? இப்ப வெறும் 'இல்லை'. அப்புறம் கோர்ட்டே சொன்ன 'இல்லை'. தாங்குவியாடி?"ன்னு கேட்டா. நான் தாங்காமல் என்ன? ஆனால் நேத்து பூரா சாப்பாடு இறங்கலை. கத்தரிக்காய் குழம்பு, அதனால இருக்கும்.

இன்றைக்குக் காலையில் வந்தாச்சு. அம்மா கோர்ட்டுப் படி ஏற மாட்டேன்னுட்டா, வெளியே வராந்தாவோடு சரி. பதினொன்றரை மணிக்கு டவாலி, அந்தச் சிவப்புப் பட்டை போட்டவர், வாசலுக்கு வந்து நின்னு குரல் கொடுத்தார் பாருங்க. "நாகஜோதி, காசிமாயன் மகள்! நாகஜோதி, காசிமாயன் மகள்! நாகஜோதி, காசிமாயன் மகள்!" மூணு தடவைண்ணே. மைக் இல்லாமல். வராந்தா முழுக்க, மரத்தடி முழுக்க, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும். முதல் தடவையே கேட்டிருச்சு எனக்கு. ஆனால் மூணும் முடியட்டும்னு நின்னேன். நாலாவது கூப்பிடுவாரான்னு பார்த்தேன், கூப்பிடலை.

உள்ளே போனேன். நீதிபதி ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடி. "நாகஜோதி யாரு?"

"நான்தாம்மா!"

"மெதுவா. இந்த வழக்குல உங்களை இரண்டாம் பிரதிவாதியா சேர்க்கணும்னு மனுப் போட்டிருக்காங்க. உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?"

"இல்லவே இல்லைம்மா. சேருங்கம்மா."

கோர்ட்டே சிரிச்சது. அவங்க சிரிக்கலை. "இது ரேஷன் கார்டுல சேர்க்கற மாதிரி இல்லைம்மா. உங்களுக்கு எதிரான வழக்கு. புரியுதா?"

"புரியுதும்மா. நல்லாப் போடட்டும்மா."

அங்கேயே முடிஞ்சிருக்கணும். சுருளிமுத்துவோட வக்கீல் எழுந்தார். "மேடம், முதல் பக்கத்துல ஒரு சின்னத் தட்டச்சுப் பிழை. த/பெ காசிமாயன்னு விழுந்திருக்கு. 'காசிமாயன் மகள் என்று சொல்லிக்கொள்ளும்'னு திருத்திக்க அனுமதி வேணும்."

கேட்டீங்களா? நான் தட்டச்சுப் பிழையாம். பதினெட்டு வருஷம் சோறு தின்னு வளர்ந்த பிழை.

ரைஸ்மில் வக்கீல் துள்ளி எழுந்தார். "அந்தப் பக்கத்துல மனுதாரர் கையெழுத்து இருக்கு மேடம். அதுவும் தட்டச்சுப் பிழையா?" அவருக்கு என் மேல பாசம் ஒண்ணுமில்லை, கேஸை இழுக்கணும். இருந்தாலும் அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. ரெண்டு வக்கீலும் கத்தறாங்க. நீதிபதியம்மா பேனாவை மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டி, நேரா சுருளிமுத்துவைக் கூப்பிட்டாங்க.

"உங்க மனுதானே? நீங்களே சொல்லுங்க. இவங்க உங்க தம்பி மகளா, இல்லை, மகள்னு சொல்லிக்கிறவங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்னார். அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டை, காலர் நைஞ்சிருக்கு, துண்டை நாலா மடிச்சுக் கையில் வச்சிருக்கார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் உதட்டை மட்டும் அசைச்சு 'சொல்லிக்கிறவ, சொல்லிக்கிறவ'ங்கிறார். நான் அந்த வாயையே பார்த்துக்கிட்டு நிற்கிறேன். ஒரு வார்த்தைண்ணே. இப்படிச் சொன்னா இல்லை மக, அப்படிச் சொன்னா காசிமாயன் மக. வராந்தா ஜன்னலில் எங்கம்மா சேலை தெரியுது.  

வந்திருச்சு.

அடக்கினேன். துப்பட்டாவை வாயில் திணிச்சேன். மூக்கு வழியா வந்தது. அப்புறம் குக்கர். அந்தக் கோர்ட்டில், அந்த நேரத்தில், அவ்வளவு பெரிய விசில். நானே எல்லாத்தையும் கெடுத்துட்டேன்னு நினைச்சேன், நினைக்க நினைக்க இன்னும் வருது.

சுருளிமுத்து திரும்பினார். முகமெல்லாம் சிவந்து போச்சு. என்னைக் கையை நீட்டிக் காட்டிக்கிட்டுக் கத்தறார். "பாருங்கம்மா! எப்படி இளிக்கிறா பாருங்க! கோர்ட்டுன்னு ஒரு பயம் இருக்கா இவளுக்கு? அவனும் இப்படித்தாம்மா! எங்காத்தாவுக்குக் கொள்ளிக்குடத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டு நின்னு இளிச்சவன்! ஊரே காறித் துப்புச்சு! நானே அவனை அடிச்சேன், அடிக்க அடிக்கச் சிரிச்சான்! அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாருங்க, அதே இளிப்பு, அதே..."

நின்னுட்டார்.

  அவர் வக்கீல் மெதுவா உட்கார்ந்து ஃபைலால் முகத்தை மூடிக்கிட்டார். சுருளிமுத்து நீட்டின கையை மடக்கவே இல்லை. என்னையே பார்த்துக்கிட்டு நிற்கிறார். அவ்வளவு கோபம்ணே, கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு கோபத்தில்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அப்புறம் எழுதறவரைப் பார்த்துச் சொன்னாங்க. "மனு அனுமதிக்கப்படுகிறது. நாகஜோதி, தந்தை பெயர் காசிமாயன், இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்க்கப்படுகிறார். முதல் பக்கத்தில் பிழை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை." அப்புறம் என் பக்கம், "நீங்க சிரிக்கறதை நிறுத்துங்கம்மா. சட்ட உதவி மையத்துல மனுக் கொடுங்க, வக்கீல் வச்சுத் தருவாங்க. அடுத்த மாசம் வாய்தா."

என்ன கேட்டீங்க, தோப்பில் எனக்கு எவ்வளவு வரும்னா? அட, அதைக் கேட்கவே மறந்துட்டேனே! பாதியா? ரெண்டு மகனில் ஒருத்தருக்கு ஒரே வாரிசுன்னா பாதியா? ஐயையோ, பாதித் தோப்பை வச்சு நான் என்ன பண்றது, எனக்குத் தேங்காய் உரிக்கவே வராது. அதெல்லாம் அடுத்த வாய்தா, அதுக்கு அடுத்த வாய்தா. நடக்கட்டும் மெதுவா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி வெளியே வந்து கூப்பிடுவார் இல்லையா? எத்தனை வருஷம் ஓடும் இந்த மாதிரி கேஸ்? பத்து வருஷம் ஓடுமா? ஓடட்டும்.

ஆமா, நாலு செட் எதுக்குன்னு சொல்லலையே. ஒண்ணு எனக்கு. ஒண்ணு பள்ளிக்கூட ஆபீஸுக்கு, பதிவேட்டில் அந்த 'இல்லை'யை அடிச்சிட்டு எழுதுங்கன்னு சொல்லப்போறேன், ப்ளஸ் டூ தனித்தேர்வு எழுதலாமான்னும் கேட்கணும். ஒண்ணு முதலாளியம்மாவுக்கு, க/பெ தேவையில்லைன்னு காட்ட. இன்னொண்ணு பரமேஸ்வரனுக்கு. இப்போ ஒர்க்‌ஷாப்பில் இருக்கான், நேரில் போய்க் கொடுக்கப் போறேன். கலரில்.

அந்த டீக்கடையில் நிற்கிறார் பாருங்க, கையில் மடிச்ச துண்டு. அவர்தான் சுருளிமுத்து. இல்லை, இனிமே பெரியப்பா. கோர்ட்டே சொல்லியாச்சு, பெரியப்பான்னுதான் சொல்வேன், அவருக்குப் பிடிக்கலைன்னா மேல்முறையீடு பண்ணிக்கட்டும். டீ வாங்கி அரை மணி நேரமாச்சு, குடிக்கவே இல்லை. நான் இங்கே சிரிக்கிறப்பல்லாம் திரும்பித் திரும்பி இந்தப் பக்கமே பார்க்கிறார். எதிரிதானே, பார்க்கட்டும்.

வந்திருச்சு! கரண்ட் வந்திருச்சு! போடுங்கண்ணே, ரெண்டாம் பக்கத்திலிருந்து போடுங்க, முதல் பக்கத்தை இப்ப கொண்டு வரச் சொல்றேன். அம்மா! ஏம்மா! அந்தப் பேப்பரைக் கொண்டு வா! காது கேட்கலை. இந்தாங்க, அதுக்குள்ள அந்தச் சட்ட உதவி ஃபாரம் ஒண்ணு கொடுங்க. பேனா?

பெயர். நா-க-ஜோ-தி. சரி.

த/பெ.

காசி... அண்ணே, காசிமாயனுக்கு ரெண்டு சுழி 'ன்'தானே? மூணு சுழியா? சிரிக்காதீங்க. நான் இந்தப் பேரை இதுவரைக்கும் எழுதினதே இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதணும். அதோட உங்க பேனாவும் சரியில்லை, 'கா'வே ஆடுது பாருங்க, ஏதோ கிழவி எழுதின மாதிரி. வேற இருக்கா?

அப்பாடா, கிளம்பிட்டா. ரோட்டைத் தாண்டறா. ஐயோ, அந்த டீக்கடை வழியா எதுக்கு வர்றா? நின்னுட்டா. பெரியப்பா முன்னாடி நின்னுட்டா. இந்தப் பதினாறு வருஷத்தில் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லைண்ணே.   அவர் டீயை நீட்டறார். இவ பேப்பரை நெஞ்சோடு பிடிச்சுக்கிட்டு நிற்கிறா. அடிச்சுக்குவாங்களோ? 

போச்சு. வந்திருச்சு. பார்த்தீங்களா, சொன்னேனே, இதுதான் அந்தக் குக்கர். காதைப் பொத்திக்குங்க, நிற்காது.

அங்கே பாருங்கண்ணே, அங்கே. நான் சிரிச்சதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் டக்னு திரும்பறாங்க. என்னைக்கூடப் பார்க்கலை. வேற யாரோ கூப்பிட்ட மாதிரி, அந்த ஆளைத் தேடற மாதிரி.

சரி, அந்தப் பேனாவைக் கொடுங்க. த/பெ எழுதணும்.